நார்வேக்குப் போகாத நண்பன் காட்டிய கடல்... பெரம்பலூர் டு அரியலூர் ஒரு ரோடு ட்ரிப்!

பொங்கல் விடுமுறை முடியப்போகும் சனிக்கிழமை. காலை ஐந்தே முக்கால் மணி. பெரம்பலூரில் பேருந்தைவிட்டு இறங்கிய மூன்று பேர், டீக்கடையில் கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்கள். ஒருவர் சென்னையில் இருந்தும், ஒருவர் கோவையில் இருந்தும், ஒருவர் பெங்களூரில் இருந்தும் வந்தவர். கல்லூரித் தோழர்கள். மூவருக்கும் வயது 35-ஐ ஒட்டி.

"அவன் வந்ததும் நேரா சாரி சொல்லிடலாமா?"

"எடுத்த எடுப்புலயேவா? முதல்ல மூஞ்சி எப்படி இருக்குன்னு பாப்போம்."

பழைய பொலிரோ ஒன்று ஹாரன் அடித்தபடி வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் நான்காவது நண்பர். பின்சீட்டில் அவருடைய ஒன்பது வயது மகன். "ஏறுங்கடா, வெயில் ஏறுறதுக்குள்ள கோட்டைக்குப் போயிடணும்" என்றார். அவ்வளவுதான். மூவரும் போட்ட ஒத்திகை டீக்கடையிலேயே நின்றுவிட்டது.

பெயர் வேண்டாம் என்பது நால்வரும் போட்ட ஒரே நிபந்தனை. எனவே, சென்னைக்காரர், கோவைக்காரர், பெங்களூர்க்காரர், அரியலூர்க்காரர் என்று ஊர்ப்பெயரே இங்கு போதும்.

எக்ஸெல் ஷீட்டில் ஒரு நாடு

நால்வரும் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்து, 2012-ல் வெளியே வந்தவர்கள். விடுதி அறையில் இருந்த ஒரே லேப்டாப்பின் முகப்பில் நார்வே நாட்டின் கெய்ராங்கர் ஃபியோர்டு படம் இருந்தது. செங்குத்தான மலைகளுக்கு நடுவே நுழைந்து கிடக்கும் கடல். "ஒருநாள் நாலு பேரும் அங்க வண்டி ஓட்டுறோம்" என்று முதலில் சொன்னவர் அரியலூர்க்காரர்தான்.

சொன்னதோடு விடவில்லை. எக்ஸெல் ஷீட் ஒன்று தயாரித்தார். எந்த நாள் எந்த ஊர், எங்கே பெட்ரோல், எங்கே படகில் வண்டியை ஏற்ற வேண்டும், எந்த ஊரில் அரிசி கிடைக்கும் என்பது வரை அதில் இருந்தது. 2020 மே மாதம் போவதாகத் திட்டம். கொரோனா வந்து அதைக் கலைத்துப்போட்டது. அடுத்தடுத்து கல்யாணம், குழந்தை, வீட்டுக்கடன். இதற்கிடையில் அரியலூர்க்காரரின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அப்பாவின் டிராக்டர் உதிரிபாகக் கடையில் உட்கார்ந்தார் அவர்.

கடந்த ஜூனில் மற்ற மூவரும் நார்வே போய் வந்தார்கள். அவர் போட்ட அதே எக்ஸெல் ஷீட்டை போனில் வைத்துக்கொண்டு. அவர் மனம் நோகக் கூடாதே என்று, பழைய வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வார்த்தையும் சொல்லாமல், மூவர் மட்டும் இருக்கும் புது குரூப் தொடங்கினார்கள். விஷயம் சென்னைக்காரரின் மனைவி வைத்த ஸ்டேட்டஸில் வெளியே வந்துவிட்டது. அரியலூர்க்காரர் அதற்கு ஒரு கட்டைவிரல் மட்டும் உயர்த்திக் காட்டினார். பிறகு ஆறு மாதம் பேச்சில்லை.

தீபாவளி கழிந்து சில வாரங்களில், பழைய குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. நத்தைபோல் சுருண்ட ஒரு கல். கீழே ஒரு வரி: "இது எங்க ஊர் கடல். பொங்கல் லீவுக்கு வர்றீங்களா?"

பாலம் எத்தனை?

சென்னை செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் பெரம்பலூரில் இருந்து வடக்கே 17 கிலோமீட்டர் அளவில் ரஞ்சன்குடி கோட்டை. கர்நாடக நவாபுகளுக்குக் கட்டுப்பட்ட ஜாகீர்தார் ஒருவர் 17-ம் நூற்றாண்டில் கட்டியது. அகழியும் அடுக்கடுக்கான மதில்களும் இன்றும் நிற்கின்றன. 1751-ல் சந்தா சாகிப் தரப்புக்கும் முகமது அலி தரப்புக்கும் நடந்த வாலிகொண்டா சண்டை இந்த வட்டாரத்தில்தான். ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள், இன்னொரு பக்கம் ஆங்கிலேயர்கள்.

சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக இந்தக் கோட்டையை நூறு முறையாவது பார்த்திருக்கிறார்கள். ஒருமுறைகூட இறங்கியதில்லை. மேலே ஏறி நின்றதும், கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் தீப்பெட்டிபோல ஊர்ந்தன.

அங்கே வைத்துத்தான் அரியலூர்க்காரர் நார்வே பேச்சை முதலில் எடுத்தார். "அட்லாண்டிக் ரோட்டுல போனீங்கல்ல? எட்டு பாலத்தையும் எண்ணினீங்களா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 1989-ல் திறக்கப்பட்ட அந்தச் சாலையின் நீளம் வெறும் 8.3 கிலோமீட்டர். தீவு தீவாகத் தாவி, எட்டு பாலங்களில் கடலைக் கடக்கும்.

"எண்ணலடா. வீடியோ எடுத்துட்டிருந்தோம்."

"சரி, லேர்டால் டன்னல்? 24.5 கிலோமீட்டர். நடுவுல மூணு இடத்துல குகை மாதிரி அகலமாக்கி நீலக் கலர் லைட் போட்டிருப்பான். ஓட்டுறவனுக்குத் தூக்கம் வரக் கூடாதுன்னு."

"நான் தூங்கிட்டேன்" என்றார் கோவைக்காரர்.

முதலில் சிரித்தது அரியலூர்க்காரர்தான். பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. போகாதவருக்குத் தெரிந்த நார்வே, போய் வந்தவர்களுக்குத் தெரிந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

திரும்பித் தெற்கே வந்து சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்தினார்கள். நடை சாத்தியிருந்தது. திங்களும் வெள்ளியும்தான் இங்கே வழக்கமான தரிசன நாள்கள். மற்றபடி சில விசேஷ நாள்களில் திறப்பார்கள். நான்கு வருடம் பக்கத்திலேயே படித்தவர்களுக்கு இது மறந்துபோயிருந்தது. வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, பாடாலூரைத் தாண்டிக் கிழக்கே திரும்பினார்கள்.

தண்ணீர் இல்லாத கடல்

சாலையின் இருபுறமும் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் மாறி மாறி வந்தன. காரை கிராமத்தைத் தாண்டியதும் காட்சி சட்டென்று மாறியது. மரம் இல்லை, பயிர் இல்லை. மழைநீர் அரித்து அரித்துக் கூறுபோட்ட மண்மேடுகள் மட்டும். பழுப்பும் மஞ்சளுமாக அலை அலையாகக் கிடந்தன. நடுநடுவே கண்ணாடிச் சில்லுபோல மின்னுவது ஜிப்சம். பெங்களூர்க்காரர் ஒரு மேட்டில் ஏறி நின்று, கொஞ்ச நேரம் எதுவுமே பேசவில்லை.

"மாமா, நீங்க இப்ப கடலுக்கு அடியில நிக்கிறீங்க" என்றான் பையன்.

விளையாட்டுப் பேச்சில்லை. ஒரு காலத்தில் இந்தியா, அன்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டிக் கிடந்தது. பிரிந்து விலகியபோது கிழக்குக் கரையோரம் நிலம் தாழ்ந்து, காவிரிப் படுகை என்று இன்று அழைக்கப்படும் பள்ளம் உண்டானது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அதற்குள் கடல் புகுந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்னும் பின்னுமாக அலைந்து, டைனோசர்களின் காலம் முடியும் தறுவாயில் பின்வாங்கியது. அந்தக் கடலின் தரைதான் இன்றைய பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்.

வெள்ளைக்காரர்கள் 1840-களிலேயே இங்கிருந்து கல்லான சிப்பிகளைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹென்றி பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் இந்தப் பாறைகளை அடுக்குவாரியாகப் பிரித்து 1862-ல் வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று அவற்றுக்கு நம் ஊர்ப்பெயர்களையே வைத்தார். உலகெங்கும் புவியியல் படிப்பவர்கள் இன்றும் ஊட்டத்தூர், அரியலூர் என்று உச்சரிப்பது அதனால்தான்.

கோவைக்காரர் குனிந்து, துப்பாக்கித் தோட்டா மாதிரி இருந்த ஒரு கல்லை எடுத்தார்.

"அது பெலெம்நைட் மாமா. கணவா மீன் மாதிரி ஒண்ணு. அதோட உடம்புக்குள்ள இருந்த கெட்டியான பாகம்."

கணவாய் வறுவல் என்றால் உயிரைவிடும் கோவைக்காரர், கையில் இருந்ததை மரியாதையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்தடி தள்ளி, குரூப்பில் போட்டோவாக வந்த அதே சுருள் வடிவம் பாறையில் பதிந்திருந்தது. அம்மோனைட். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைத்து, நம் வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமமும் இதே இனம்தான். அந்த உயிரினம் டைனோசர்களோடு சேர்ந்து உலகை விட்டே போய்விட்டது.

சென்னைக்காரர் ஒரு பெலெம்நைட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். பையன் விடவில்லை. "எடுத்துட்டுப் போகக் கூடாது மாமா. எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்தா அப்புறம் இங்க என்ன இருக்கும்?" எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார் மாமா.

படுத்திருக்கும் மரம்

அங்கிருந்து சாத்தனூர். கம்பி வேலிக்குள் ஒரு மரம் நீட்டிப் படுத்திருக்கிறது. 18 மீட்டருக்கும் மேல் நீளம். பட்டை, கணு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் முழுக்கக் கல். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் இதை உலகுக்குத் தெரிவித்தார். சுமார் 12 கோடி ஆண்டு பழைமையானது என்று சொல்லப்படும் இந்தக் கல்மரம், இன்று தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

கரையில் எங்கோ நின்ற மரம். வெள்ளம் அடித்துக்கொண்டுவந்து கடலில் சேர்த்திருக்கிறது. மண் மூடிய பிறகு, நீரில் கரைந்திருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குள் புகுந்து, மரத்தின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதைக் கல்லாக்கிவிட்டது.

"கெய்ராங்கர் ஃபியோர்டைப் பனியாறு குடைஞ்சது சமீபத்துலதான்டா. இருபது, முப்பது லட்சம் வருஷத்துக்குள்ள" என்றார் அரியலூர்க்காரர். "இந்த மரத்துக்கு முன்னாடி அது நேத்துப் பொறந்த குழந்தை."

அப்பா கேட்ட கேள்வி

அரியலூரை நெருங்க நெருங்க, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசைகட்டின. சாலையோரச் செடிகளின் இலைகள் எல்லாம் வெள்ளைப் பூச்சு. அந்தக் கடலில் வாழ்ந்து செத்த உயிர்களின் ஓடுகள் படிந்து உருவானதுதான் இங்கத்திய சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் சுவருக்குள் இந்தக் கடல் இருக்கிறது.

"மாப்ள, உன் அப்பார்ட்மென்ட்டுக்கும் சிமென்ட் இங்க இருந்து வந்திருக்கலாம். மாசா மாசம் நீ இ.எம்.ஐ கட்டுறது நத்தைக்குத்தான்" என்று பெங்களூர்க்காரரைச் சீண்டினார் அரியலூர்க்காரர்.

மதியச் சாப்பாடு அவர் வீட்டில். சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாகப் போட்ட கறிக்குழம்பு. அம்மா பரிமாறினார். திண்ணையோரம் நாற்காலியில் அப்பா. வலது கை மடியிலேயே கிடந்தது. பேச்சு மெதுவாக, கொஞ்சம் குழறலாக வந்தது.

"நார்வே... நல்லா இருந்துச்சாப்பா?"

மூவரின் கையும் இலையில் அப்படியே நின்றது.

"நல்லா இருந்துச்சுப்பா."

"ராத்திரி பதினோரு மணிக்கும் வெளிச்சமாமே? இவன்தான் சொன்னான். போட்டோ எல்லாம் காட்டினான்."

ஸ்டேட்டஸில் வந்த படங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இது இந்த இடம், அது அந்த இடம் என்று அப்பாவுக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். அரியலூர்க்காரர் சட்டென்று எழுந்து, "தயிர் எடுத்துட்டு வர்றேன்" என்று உள்ளே போனார். தயிர் ஏற்கெனவே இலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

தொலைந்துபோன எலும்பு

பிற்பகலில் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். இங்கே பையன்தான் வழிகாட்டி. கல்லான சிப்பிகளுக்கும் அம்மோனைட்டுகளுக்கும் முன்னால் நின்று, பள்ளியில் ஒப்பிப்பதுபோல விளக்கிக்கொண்டே வந்தான்.

"டைனோசர் முட்டை எங்கடா?" என்றார் சென்னைக்காரர். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் பரவிய உருண்டைக் கற்கள் நினைவிருக்கலாம். அவரும் அதை பத்து பேருக்கு ஃபார்வர்டு செய்தவர். அவை முட்டை அல்ல, அம்மோனைட்டைச் சுற்றி உருண்டு திரண்ட கடல் படிவங்கள் என்று பிறகு விளக்கம் வந்தது. அதை அவர் யாருக்கும் ஃபார்வர்டு செய்யவில்லை.

ஆனால், நிஜ டைனோசரும் இங்கே உண்டு. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை, 1980-களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். புருஹத்காயோசாரஸ் என்று பெயர். 'பேருடல் கொண்ட பல்லி' என்று பொருள். கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் நீளம். உலகில் வாழ்ந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால், அந்த எலும்புகள் இன்று இல்லை. ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருந்தவை, மழையிலும் ஈரத்திலும் தூளாகிவிட்டன. மிஞ்சியவை படங்களும் வரைபடங்களும்தான். பொருளே கையில் இல்லாததால், அது எலும்புதானா, சாத்தனூர் மாதிரி கல்லான மரமா என்றுகூடச் சந்தேகம் எழுந்தது.

"கோடி வருஷம் தாங்குனது, வெளியே எடுத்ததும் போயிடுச்சு பாரேன்" என்றார் அரியலூர்க்காரர். யாரும் பதில் சொல்லவில்லை.

காரைவெட்டியில் சாயங்காலம்

சூரியன் இறங்கும் நேரத்தில் காரைவெட்டி. மேட்டூர் அணைத் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் ஏரி. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த பறவைகள் சரணாலயம். இமயமலையைத் தாண்டிப் பறந்துவரும் வரித்தலை வாத்துகள் இங்கு வந்து தங்கும். கரையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். பையன் கொஞ்சம் தள்ளி, பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

காலையில் இருந்து தொண்டையில் நின்றதைப் பெங்களூர்க்காரர் ஒருவழியாகச் சொன்னார். "உன்ன விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதுடா. சாரி."

அரியலூர்க்காரர் ஏரியைப் பார்த்தபடியே பேசினார். "நீங்க போனது தப்பே இல்லடா. இன்னும் பத்து வருஷம் எனக்காகக் காத்திருந்து, அப்புறம் யாருமே போகாம இருக்குறதா? புது குரூப் ஆரம்பிச்சீங்க பாரு, அதுதான் வலிச்சுது. எனக்குத் தெரியக் கூடாதுன்னு ஒளிச்சீங்க. நான் வயிறெரிவேன்னு நெனச்சீங்களா? என்னையும் அதுல வெச்சிருந்தா, கடையில உக்காந்தபடியே நானும் வந்திருப்பேன். எட்டாவது பாலம் வந்துடுச்சான்னு கேட்டிருப்பேன்."

யாரும் சமாதானம் சொல்ல முயலவில்லை. சென்னைக்காரர் போனை எடுத்தார். அந்த மூவர் குரூப்பில் அவரைச் சேர்த்தார். அரியலூர்க்காரரின் சட்டைப் பையில் போன் ஒலித்தது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

கங்கையைக் கொண்டுவந்த ஊர்

ஞாயிறு காலை ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்டசோழபுரம். ராஜேந்திர சோழன் வடக்கே வென்று, கங்கை நீரைக் கொண்டுவரச் செய்து, அந்த வெற்றியின் நினைவாக உருவாக்கிய தலைநகர். இரண்டரை நூற்றாண்டு சோழர்களின் தலைநகராக இருந்த ஊர், இன்று ஒரு கிராமம். மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும் மிச்சம். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பெரிய கோயிலின் மதில் கற்களை, 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காக ஆங்கிலேய ஆட்சியில் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போனது போக நிற்பதைப் பார்க்கவே ஒருநாள் போதாது.

உள்ளே வளைந்து ஏறும் விமானத்தின் நிழலில், புல்தரையில் நால்வரும் மல்லாந்து படுத்திருந்தார்கள். அதற்குமுன் அவர்கள் அப்படிப் படுத்தது கல்லூரி விடுதியின் மொட்டைமாடியில்.

காலை முழுக்க அரியலூர்க்காரர் போனில் எதையோ படித்துக்கொண்டே இருந்தார். அந்த குரூப்பில் ஜூன் மாதத்துப் படங்கள் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. பிறகு சேர்ந்தவருக்குப் பழையது காட்டாது அல்லவா? கோவைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து, நானூற்றுச் சொச்சம் படங்களையும் தேதிவாரியாக மறுபடி அதில் ஏற்றியிருந்தார். அவர் ஒவ்வொன்றுக்கும் கீழே கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

கிளம்பும் நேரத்தில், ஆளுக்கு இரண்டு கிலோ சின்ன வெங்காயம் பையில் கட்டிக் கொடுத்தார் அரியலூர்க்காரர். சென்னைக்காரர் தன் பையின் அடியில் இருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். கெய்ராங்கர் கரையில் பொறுக்கிய ஒரு கூழாங்கல். ஏழு மாதமாக, கொடுக்கத் துணிச்சல் இல்லாமல் வைத்திருந்தது.

முதலில் வாங்கிப் பார்த்தவன் பையன்தான். வெயிலில் பிடித்து, நான்கு பக்கமும் திருப்பினான்.

"இதுல ஒண்ணுமே இல்லையே மாமா. ஒரு சிப்பிகூட இல்ல."

"இருக்காதுடா" என்றார் அவன் அப்பா. "அந்தப் பக்கத்துப் பாறை எல்லாம் நூறு கோடி வருஷத்துக்கும் மேல பழசு. அப்ப சிப்பியே பொறக்கல." அதுவும் அவருடைய எக்ஸெல் ஷீட்டில் எங்கோ இருந்த தகவல்தான்.

பொலிரோவின் டேஷ்போர்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கல்லை வைத்தார். வண்டி திருச்சி சாலையில் திரும்பியபோது அது உருண்டு கீழே விழுந்தது. பையன் குனிந்து எடுத்து, மடியில் வைத்துக்கொண்டான்.